மாமாவின் கடற்கரைப் பங்களா

1963 கோடை விடுமுறையில் நான் வெளிநாடு போனேன். அப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். "சிங்கப்பூர்ல என் தம்பிக்குக் கடற்கரையிலே பங்களா" என்று அம்மா குறிஞ்சிப்பாடி முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, டெக்கில் பாய் விரித்து, வாந்தியும் வயிறுமாகப் போய்ச் சேர்ந்தேன்.

பங்களா இருந்தது நிஜம். காத்தோங்கில், ஒரு சீன முதலாளியுடையது. மாமா அவருடைய கார் டிரைவர். கார் ஷெட்டை ஒட்டிய அறையில் அவருக்கு ஒரு கட்டில், எனக்குத் தரை. கடற்கரை விஷயத்தில் மட்டும் அம்மா சொன்னதில் குறையில்லை. பின்சுவரில் ஒரு சின்னக் கதவு, திறந்தால் சிமெண்டுப் படிகள், கீழே கடல். ஏற்றத்தில் பாசி பிடித்த மேல்படிவரை தண்ணீர் வரும். வற்றினால் சேற்றுமணலில் நண்டு ஓடும். தூரத்தில் மீன் மடக்க நட்ட கேலோங் கம்புகள் வரிசையாக நிற்கும்.

உலகம் பார்க்க வந்தவனுக்கு அங்கே ஒரு சத்தமும் கிடைக்கவில்லை. தெருவெல்லாம் தறி அடிக்கிற ஊரில் வளர்ந்தவன் நான். காத்தோங்கிலோ தேங்காய் விழுந்தால் அதுதான் அன்றைய விசேஷம். வெள்ளிக்கிழமை சிலோன் ரோட்டுச் செண்பக விநாயகர் கோயில், மற்ற நாளெல்லாம் அலை. ஊருக்கு எழுதிய கடிதங்களில் மட்டும் சிங்கப்பூர் ராத்திரி முழுக்க ஜொலித்தது.

சாயங்காலம் படியில் உட்கார்ந்து மாமா எங்களூர்ப் பக்கத்து நெய்வேலிச் சுரங்கத்தைப் பற்றி விசாரிப்பார். அங்கே 1961 ஆகஸ்டில்தான் பழுப்பு நிலக்கரி முகம் காட்டியிருந்தது. வாளி கோத்த சக்கரம் சுழன்று மண்ணை அள்ளுவதையும், அது பெல்ட்டில் ஆறு மாதிரி ஓடுவதையும் நான் கை ஆட்டி ஆட்டிச் சொல்வேன். மாமா சிரிப்பார். "காலுக்குக் கீழ இருக்கிற மண்ணையே எடுக்கிறான். அது ஒரு ஊரா மாப்ளே? இங்க பாரு. கடலை எவன் எடுத்துக்கிட்டுப் போவான்?"

1966-ல் எடுக்க ஆரம்பித்தார்கள். சிக்லாப், பெடோக் பக்கத்துக் குன்றுகளை வெட்டிக் கடலில் கொட்டினார்கள். வெட்டியது வாளி கோத்த சக்கரம். மண்ணைச் சுமந்தது கன்வேயர் பெல்ட். "உங்க ஊர் பூதம் எங்க வீட்டுக்கும் வந்துடுச்சு" என்று மாமா எழுதினார். எண்பதுகளின் நடுவில் வேலை முடிந்தபோது 1,500 ஹெக்டேருக்கு மேல் புது நிலம் முளைத்திருந்தது. பின்கதவைத் திறந்தால் கடலுக்குப் பதில் அடுக்குமாடி.

இப்போது அங்கே மரீன் பரேடில், 18-ஆவது மாடியில், என் பேரன் குடியிருக்கிறான். மாமா காலத்தில் மீன் நீந்திய இடம். கீழே ஷாப்பிங் மால், 2024 முதல் மெட்ரோ, அதைத் தாண்டி இரவு பகலாக இரைகிற எக்ஸ்பிரஸ்வே. கடலில் கால் நனைக்க அதற்கு அடியில் சுரங்கப்பாதை வழியாகப் போக வேண்டும். நெய்வேலிக்காரனுக்குச் சுரங்கம் புதிதா என்ன! குறிஞ்சிப்பாடியிலோ தறிச்சத்தம் ஓய்ந்துகொண்டு வருகிறது. அமைதி தேடுகிறவர்கள் இனி எங்களூருக்கு வரலாம்.

"அந்த நெய்வேலிச் சுரங்கத்துக்குப் பக்கத்துல எப்படித் தாத்தா இருக்கீங்க?" என்று பேரன் பரிதாபப்படுகிறான். கேள்வி நியாயம்தான். 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெல் நின்ற வயலிலேயே, சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிட எந்திரம் இறங்கியது. அதே வருஷம் நவம்பரில் சிங்கப்பூரும் ஓர் அறிவிப்பு கொடுத்தது. ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு எதிரே இன்னும் சுமார் 800 ஹெக்டேர் தூர்க்கும் திட்டம். பழைய கரைக்கும் புது நிலத்துக்கும் நடுவே நன்னீர்த் தேக்கம்.

பேரன் ஜன்னல் வழியே கடல் தெரிகிறது என்பதற்காகவே கூடுதலாகக் கொடுத்து அந்த வீட்டை வாங்கினான். இருபத்தைந்து வருஷக் கடன். கடன் தீருகிறவரை கடல் இருக்குமா என்று வாய்வரை வந்தது. பால் காய்ச்சுகிற அன்று கேட்கிற கேள்வியா அது?