கிரீஸ் டப்பாவுக்கு அடிக்கல் உண்டா?

பொதுச் சொத்து மேலாண்மை என்பது, ஓர் அணையையோ பாலத்தையோ கட்டி முடித்ததோடு கடமை தீர்ந்தது என்று இராமல், அது தேய்ந்து கழிக்கப்படும் நாள் வரை அதற்கு ஆகும் மொத்தச் செலவையும், அதைக் காக்க வேண்டியவர்களின் பொறுப்புகளையும் முன்கூட்டியே வகுத்துக்கொள்ளும் முறையாகும். இதற்கென ஐ.எஸ்.ஓ. 55000 என்ற பன்னாட்டுத் தரநிலை 2014இல் வெளியாயிற்று. அதைக் காவிரிப் படுகையின் மதகுகளுக்குப் பொருத்திக் காட்டும் பணியை ஏற்ற ஆலோசகர் ஒருவரும், அத்தகைய மதகொன்றின் கதவுகளை வேலைக்காலம் முழுதும் ஏற்றி இறக்கி ஓய்வுபெற்ற கரைக்காவலர் ஒருவரும் (படுகையில் இப்பணியாளரை லஸ்கர் என்றே அழைப்பர்), மே மாத இறுதியில் வெண்ணாற்றுப் பாசனப் பகுதியின் தலைப்பு மதகு ஒன்றில் நின்று பேசியவை கீழே தரப்படுகின்றன. முதல் ஒரு மணி நேரம் ஆலோசகர் மட்டுமே பேசினார். அப்பகுதி வாசகர் நலன் கருதி விடப்பட்டது.

ஆலோசகர்: பெரியவரே, இதுவரை இங்கே நிலவியது பொறுப்புக் குழப்பம். இனி நான்கு பொறுப்புகள் தனித்தனியே பிரிக்கப்படும். சொத்தின் உடைமையாளர் கொள்கையை வகுப்பார். சொத்து மேலாளர் அக்கொள்கையைத் திட்டமாக்குவார். இயக்குபவர் அட்டவணைப்படி நீரைத் திறந்து மூடுவார். பராமரிப்பவர் பழுது வருமுன்னே தடுப்பார்.

கரைக்காவலர்: நல்லது ஐயா. இந்த நால்வரில் கிரீஸ் டப்பாவைத் தூக்கி வருபவர் யார்?

ஆலோசகர்: அது மிகவும் கீழ்மட்டக் கேள்வி.

கரைக்காவலர்: தண்ணீரும் கீழ்மட்டம் பார்த்துத்தான் ஐயா ஓடுகிறது.

கேள்விக்குக் காரணமான பொருளைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். மதகின் ஒவ்வொரு கண்ணிலும் ஓர் இரும்புக் கதவு, சுவரில் பதித்த பள்ளங்களின் வழியே ஏறி இறங்கும். மேல்மேடையில் கைப்பிடியைச் சுற்றினால், மரைக்குள் திரும்பும் திருகுத் தண்டு கதவை மேலே இழுக்கும். மரை வறண்டால் துரு ஏறும். துரு ஏறிய தண்டை நான்கு பேர் கடப்பாரை கொடுத்து நெம்பினால் தண்டு வளையும். வளைந்த தண்டுள்ள கதவு ஏறினால் இறங்காது, இறங்கினால் ஏறாது. மேற்படி மதகின் மூன்றாம் கண்ணில் இடப்பக்கத் தண்டு அவ்வாறே வளைந்து நின்றது. அதன் திருகுப் புரிகள் மீது துருவோடு சேர்த்து அழகிய நீல வண்ணம் பூசப்பட்டிருந்தது; சென்ற ஆண்டின் பராமரிப்பு அந்த வண்ணம்தான். வண்ணம் புகைப்படத்தில் தெரியும், மசகு தெரியாது என்பதை அறிந்தவர் செய்த வேலை என்பதில் ஐயமில்லை.

ஆலோசகர்: கிரீஸ் என்பது நுகர்பொருள், சொத்து அன்று. எனவே சொத்துப் பதிவேட்டில் அதற்கு இடமில்லை. ஆனால் கவலை வேண்டாம், இக்கதவுகளில் உணர்கருவி பொருத்தப்படும். மசகு குறைந்த அந்த நொடியே அது குறுஞ்செய்தி அனுப்பும்.

கரைக்காவலர்: யாருக்கு?

ஆலோசகர்: இம்மதகின் கரைக்காவலருக்கு.

கரைக்காவலர்: அந்த இடம் நான் ஓய்வுபெற்ற நாளிலிருந்து காலியாகவே கிடக்கிறது, ஐயா. பக்கத்து மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளையே இதையும் பார்க்கிறார், அவரும் தினக்கூலி. மரை வறண்டிருக்கிறது என்று அவருக்குச் செய்தி எதற்கு? கைப்பிடியைச் சுற்றும்போது தோள்பட்டையே சொல்லிவிடும்.

இங்கே ஆலோசகர் பேச்சைக் கால அட்டவணைக்கு மாற்றினார். மாற்றியிருக்க வேண்டியதில்லை.

1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையிலிருந்து படுகைக்கு நீர் திறக்க மரபாக வகுத்த நாள் சூன் 12, மூட வகுத்த நாள் சனவரி 28. ஆக, பிப்ரவரி தொடங்கி நான்கு மாதங்களுக்கு மேல் ஆறுகளும் வாய்க்கால்களும் பெரும்பாலும் வறண்டு கிடக்கின்றன. மதகைக் கழற்றவும் கரையைக் கட்டவும் தூர் எடுக்கவும் ஆண்டு தவறாமல் வாய்க்கும் இடைவெளி இது.

ஆலோசகர்: தூர்வாருதல் திட்டமிட்டபடி நடைபெறுகிறது. ஒப்புதல் ஏப்ரலில், பணியாணை மே மாதத்தில், நிறைவு சூனில்.

கரைக்காவலர்: பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ஆறு எங்கேயாவது வெளியூர் போயிருந்ததா?

ஆலோசகர்: நிதியாண்டு என்று ஒன்று இருக்கிறது, பெரியவரே. மார்ச் 31க்கு முன் பழைய பணம் முடியும். அதற்குப் பின்தான் புதிய பணம் பிறக்கும்.

கரைக்காவலர்: புரிகிறது. பணம் பிறந்து, பெயர் சூட்டி, நடை பழகி வருவதற்குள் மேட்டூர்த் தண்ணீர் வந்துவிடும். எடுத்த மண் எவ்வளவு என்று அளவுப் புத்தகத்தில் எழுதியிருப்பதைச் சரிபார்க்க, வாய்க்காலுக்குள் இறங்க முடியாது. வருகிற தண்ணீர்தான் கணக்கை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறது. அது இதுவரை ஒரு கணக்கையும் திருப்பி அனுப்பியதில்லை. 2022இல் மே 24ஆம் நாளே மேட்டூரைத் திறந்தார்களே, அந்த ஆண்டு அது கொஞ்சம் முன்கூட்டியே வந்து கையெழுத்துப் போட்டது.

அளவுப் புத்தகம் என்பது, செய்த வேலையின் நீள அகல ஆழங்களைக் களத்தில் அளந்து பதிந்து, அதன்படி தொகை வழங்குவதற்கான பதிவேடு. அளந்து பதிவது என்ற சொற்றொடரில் முதற்பாதி எப்போது உதிர்ந்தது என்பது தனி ஆய்வுக்குரியது.

ஆலோசகர்: குறைகளையே பேசலாகாது. கல்லணையைப் பாருங்கள்! கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படுவது, ஈராயிரம் ஆண்டாகத் தானே நிற்கிறது. நல்ல கட்டுமானத்துக்குப் பராமரிப்பே தேவையில்லை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

கரைக்காவலர்: தானே நிற்கவில்லை ஐயா, நிற்க வைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் படுகை மணல் மேடிட்டு, தண்ணீர் பள்ளமான கொள்ளிடத்துக்கே போய், தஞ்சைச் சீமையின் வயல்கள் காய்ந்தன. அதனால் கல்லணையில் மணற்போக்கிகள் வைத்தார்கள். முக்கொம்பில் ஆர்தர் காட்டன் 1836இல் மேலணையைத் தொடங்கினார். கட்டியவன் பெயர் ஊருக்கெல்லாம் தெரியும். நடுவில் வந்த அத்தனை தலைமுறையிலும் உடைப்புக்குக் கல் சுமந்தவன் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

ஆலோசகர்: மேலணையை நீங்களே குறிப்பிட்டது நல்லதாயிற்று. 2018 ஆகஸ்ட் 22ஆம் நாள் இரவு, வெள்ளத்தில் அதன் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் சரிந்தன. பிறகு சுமார் 387 கோடி ரூபாய் மதிப்பீட்டில் புதிய கதவணை எழுந்ததல்லவா? இதைத்தான் எங்கள் துறையில் சொத்து மாற்றீடு என்போம்.

கரைக்காவலர்: புதிய கதவணை எழுந்ததில் மகிழ்ச்சிதான். அதன் மரைக்கு ஆண்டுதோறும் எத்தனை டப்பா என்று எங்காவது எழுதியிருக்கிறதா?

ஆலோசகர்: மறுபடியும் கிரீஸா!

கரைக்காவலர்: அதற்குத் திறப்பு விழா இல்லை, அதுதான் கோளாறு. அடிக்கல் நாட்டலாம், நாடா வெட்டலாம், கல்வெட்டு வைக்கலாம். கிரீஸ் தடவுவதை எந்த மேடையில் தடவுவது? குத்துவிளக்கேற்றி ஒருவர் விரலால் தொட்டு வைத்தால்கூடப் போதும், எங்கள் மதகு பிழைத்துக்கொள்ளும்.

ஆலோசகர் இதை நகைச்சுவையாகக் கொள்ளாமல் கைக்கணினியில் குறித்துக்கொண்டார். பின்னர், மக்கள் பங்கேற்பு என்ற புதிய கருத்தை விளக்கத் தொடங்கினார். ஓய்வூதியத்தைவிட ஓய்வு மிகுதியாக வாய்த்து, அதை ஊர் நூலகத்தில் கழித்துவந்த கரைக்காவலர் அதையும் விட்டுவைக்கவில்லை.

கரைக்காவலர்: உத்திரமேரூர்க் கல்வெட்டு 919, 921ஆம் ஆண்டுகளில், முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டியது. ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் எடுத்தார்கள். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும், அவன் உறவினரும் குடவோலைக்கே வரக்கூடாது என்று விதி. அந்த விதியையும் உங்கள் பங்கேற்பில் சேர்த்துக்கொள்வீர்களா?

ஆலோசகர்: உறவினர் என்று சேர்த்தால் ஒப்பந்தம் எடுக்க ஆளே கிடைக்காதே.

கரைக்காவலர்: பிறகு குடிமராமத்து. ஊரார் கூடி வாய்க்கால் வெட்டும் வழக்கம். வராதவனிடம் கூலி வசூலிக்க 1858இல் வெள்ளைக்காரன் சட்டமே போட்டான். 2000இல் பாசன அமைப்புகளை விவசாயிகளே மேலாண்மை செய்யச் சட்டம் வந்தது. 2017இல் குடிமராமத்து என்ற பெயரும் திரும்பி வந்தது. பெயர் வந்துவிட்டது ஐயா, குடியும் மராமத்தும் வழியில் எங்கோ நிற்கின்றன.

ஆலோசகர்: இறுதியாக, சேவைத் தரம். கடைமடைப் பயனாளிகளின் மனநிறைவு ஒன்று முதல் ஐந்து வரையான புள்ளிகளில் அளக்கப்படும்.

கடைமடை என்பது பாசன வாய்க்காலின் கடைக்கோடி. ஆலோசகர் அச்சொல்லை உச்சரித்தபோது கரைக்காவலரின் குரல் முதன்முறையாக உயர்ந்தது.

கரைக்காவலர்: ஐந்துக்கு எத்தனை போடுவான்? மேட்டூர் திறந்து வாரக்கணக்காகியும் தண்ணீர் வராமல், நகையை அடகுவைத்து விட்ட நாற்று ஆகஸ்டில் கருகும்போது ஒரு புள்ளியா? அதே வயல், வடகிழக்குப் பருவமழை கொட்டும் நவம்பரில், வடிகாலை வெங்காயத்தாமரை அடைத்துக்கொண்டு கதவும் ஏறாமல், சம்பா கழுத்தளவு மூழ்கி அழுகும்போது இரண்டு புள்ளியா? கடலோரத்தில் உப்புநீர் ஏறாமல் தடுக்க வைத்த கதவு துருப்பிடித்துப் பாதியில் நின்றால், அந்த மண் எத்தனை ஆண்டுக்கு உப்பைச் சுமக்கும் தெரியுமா? ஒரே ஆண்டில் ஒருவனைக் காயவும் வைத்து முக்கவும் செய்துவிட்டு, மனநிறைவா என்று கேட்க எப்படி ஐயா வாய் வருகிறது? இது ஆகாயத்தின் குற்றமில்லை. ஒரு மரையின் குற்றமும் இல்லை. மரைக்குப் பக்கத்தில் ஆள் வேண்டாம் என்று முடிவு செய்தவனின் குற்றம். அவனுக்கு உங்கள் நான்கு பொறுப்பிலும் பெயர் இல்லை.

சற்று நேரம் பேச்சு நின்றது. நேர்மையாகச் சொன்னால், ஆலோசகரும் தலைகுனிந்தே நின்றார். ஆயினும் அறிக்கைக்குக் கெடு மறுநாள் என்பதால் நெடுநேரம் குனிந்திருக்க இயலவில்லை.

ஆலோசகர்: மிகவும் பயனுள்ள கருத்துகள், பெரியவரே. பங்குதாரர் கலந்தாய்வு நடைபெற்றது என்று பதிய வேண்டும். இங்கே பெயர், வயது, பாலினம், கைப்பேசி எண்.

கரைக்காவலர்: சொன்ன கருத்தை எழுத இடம்?

ஆலோசகர்: படிவத்தில் அந்தக் கட்டம் இல்லை.

கரைக்காவலர் கைக்கணினியை வாங்கி, பெயரையும் வயதையும் நிரப்பி, கைப்பேசி எண்ணுக்கான கட்டத்தில், “மூன்றாம் கண், இடப்பக்கத் தண்டு, சூன் 12க்குள்” என்று ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி முடித்தார். பத்து இலக்கங்கள் மட்டுமே ஏற்கப்படும் என்றது கருவி.