ஒஸ்லோக் குளியலறைகளின் அகத்திணை

வீட்டுக்காரருக்கும், குளியலறை திருத்த வருபவருக்கும் இடையிலான உறவு அகமா, புறமா? பொருளியலார் அதை வணிகம் என்பர். சட்டத்தரணிகள் அதை வருங்கால வழக்கு என்பர். இரு சாராரும் தொல்காப்பியம் படியாதவர்கள். அது அகமே என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதற்சான்று பெயர். அகத்தில் தலைவனின் இயற்பெயரைச் சுட்டக்கூடாது என்பது மரபு. ஒஸ்லோவின் குருறூட்டிலோ ஸ்தூவ்னரிலோ ஒரு மாடிவீட்டுக்குப் போய், “உங்கட பாத்றூமை ஆர் செய்தது?” என்று கேட்டுப் பாருங்கள். “ஒரு போலந்துக்காரர், நல்ல மனுசன்” என்று விடை வரும். வேலை பிழைத்த வீடாயின் “ஒருத்தன்” என்று வரும். பெயர் எங்கும் வராது.

குறிஞ்சி முதற்சந்திப்பு. தலைவர் இலவசமாகப் பார்வையிட வருவார். லேசரால் சுவரை அளப்பார், பழைய ரைல்ஸை விரல்முட்டியால் தட்டிக் காது கொடுப்பார், “ம்ம்” என்பார். அந்த “ம்ம்”முக்கு என்ன விலை என்பது பிறகுதான் தெரியும். இவரைக் கூட்டிவந்த தோழி, பெரும்பாலும் யாரோ ஒரு சித்தப்பாவின் மருமகன், அதோடு காட்சியிலிருந்து மறைந்துவிடுவார்.

அடுத்து, தலைவர் குரலைத் தாழ்த்தி, பில் வேணுமோ என்று கேட்பதும் உண்டு. இதுவே களவு. பில் இல்லையென்றால் 25 விழுக்காடு வரி மிச்சம் என்பது ஆசைமொழி. ஆனால் 10,000 குரோனருக்கு மேல் வங்கி வழியாகச் செலுத்தாமல் கையில் கொடுத்து, வாங்கியவர் வரியை ஏய்த்தால், கொடுத்தவரையும் பொறுப்பாக்கலாம் என்று 2011 முதல் சட்டம் இருக்கிறது. பில்லோடு செய்வது கற்பு. தொல்காப்பியர் கற்புக்குக் கால எல்லை வகுக்கவில்லை. நோர்வேச் சட்டம் வகுத்திருக்கிறது: நெடுநாள் நிலைக்கவேண்டிய வேலையில் குறை கண்டால் 5 ஆண்டு வரை முறையிடலாம்.

இனிப் பாலை. இதை விரித்தே சொல்லவேண்டும், ஏனெனில் இலக்கணம் முழுவதும் பொருந்தும் இடம் இதுதான். பாலைக்கு உரிய பொழுது வேனில். நோர்வே முழுவதும் பொதுவிடுமுறையில் அடங்குவது யூலையின் கடைசி மூன்று வாரங்களில். கட்டடத் தொழில் ஏறத்தாழ நின்றுபோகும். பழைய குளியலறையை யூன் கடைசியில் உடைத்துக் கொட்டிவிட்டு, தலைவர் பிரிவார். சங்கத் தலைவன் பொருள் தேடப் பிரிந்தான். இவர் முற்பணத்தை வாங்கிக்கொண்டு பிரிகிறார் என்ற வேறுபாட்டை மட்டும் உரையாசிரியர்கள் கவனிக்க. தலைவியின் வீட்டு நடைபாதையில் புதிய கழிப்பறைக்கோப்பை பிளாஸ்ரிக் உறை களையாமல் நிற்கும். பிள்ளைகள் அதன்மேல் பள்ளிப்பையைத் தொங்கவிடுவர். குளிப்பு மூன்றாம் மாடியிலுள்ள மச்சாள் வீட்டில். துவாயும் சவர்க்காரமுமாய்ப் படியேறும்போது எதிர்ப்படும் அயலாரின் புன்னகைக்கு இலக்கணம் அலர் என்று பெயர் தந்திருக்கிறது. கார் வந்தால் தலைவர் வருவார் என்பது முல்லை. ஒகஸ்ட் மழை தொடங்க அவரும் வந்துவிடுகிறார். முன்னோர் வானிலை அறிந்தவர்கள்.

நெய்தல் கடலும் கடல் சார்ந்த இடமும். இங்கே கருப்பொருள் தரையிலுள்ள நீர்வடிகால். அதைச் சுற்றி 80 செ.மீ. தூரத்துக்குத் தரை 50க்கு 1 என்ற சாய்வில் இறங்கவேண்டும். கதவு நிலையிலுள்ள நீர்த்தடுப்புப் படலம் வடிகாலைவிடக் குறைந்தது 25 மி.மீ. உயர்ந்திருக்கவேண்டும். தலைவர் முழங்காலில் இருந்து ரசமட்டம் வைக்கிறார். குமிழி ஒரு மயிரிழை விலகுகிறது. அவர் ஒன்றும் சொல்லாமல் பென்சிலைக் காதில் செருகுகிறார். பிறகு ஒரு வாளி நீர் ஊற்றப்படுகிறது. அது வடிகாலை நாடாமல் மூலையில் தேங்கி நின்றால், இரங்கலுக்கு வேறு நிமித்தம் வேண்டாம்.

மருதத்தின் சிறுபொழுது வைகறை. வேலையாட்கள் வந்திறங்குவது காலை 7 மணிக்கு, மாரியில் நல்ல இருட்டு. ஊடலின் காரணம் எப்போதும் பணம். இதற்கும் 1989இல் ஒரு சட்டம் செய்தார்கள்: கைவினைஞர் வீட்டுக்காரருக்கு விலை மதிப்பீடு கொடுத்தால், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, இறுதித் தொகை அதை 15 விழுக்காட்டுக்கு மேல் தாண்டக்கூடாது.

மறுமொழி வராத குறுஞ்செய்திகளை அனுப்பிக்கொண்டிருப்பது கைக்கிளை. யூரியூப் பார்த்துத் தானே ரைல்ஸ் ஒட்டுவது பெருந்திணை. மின்வயரைத் தொடுவது திணையே அல்ல. நிலையான மின்னிணைப்பு வேலை பதிவுபெற்ற நிறுவனங்களுக்கே உரியது.

புறத்தில் பெயர் சொல்லலாம். ஒஸ்லோ நகரமண்டபத்துக்கு 1918இல் வடிவமைப்புப் போட்டி வைத்தார்கள், அடிக்கல் 1931இல், திறப்புவிழா 1950 மே 15இல். இடையே ஒரு உலகப்போர். அதைவிடச் சிறந்த சாக்கு எந்த மேசனுக்கும் வாய்த்ததில்லை.

புறத்தின் உச்சம் நோர்வே நாடாளுமன்றமான ஸ்தூர்த்திங். அது பிரின்சன்ஸ் கட்ட 26ஆம் எண் கட்டடத்தைத் திருத்தவும், நிலத்தடியில் சரக்கிறக்கும் இடமும் சுரங்கவழியும் அமைக்கவும் புகுந்தது. 1.1 பில்லியன் குரோனர் என்ற மதிப்பீடு 2 பில்லியனைத் தாண்டியது. 2018 மார்ச்சில் அவைத்தலைவர் ஊலெமிக் தொம்மெசன் பதவி துறந்தார். 15 விழுக்காட்டுக் கணக்குப்படி அந்தப் பில் 1.265 பில்லியனில் நின்றிருக்கவேண்டும். அந்த விதியை இயற்றியது இதே ஸ்தூர்த்திங்தான். ஆனால் அது நுகர்வோருக்கு மட்டுமே செல்லும். ஸ்தூர்த்திங்கை நுகர்வோராகக் கொள்ள விதியில் இடமில்லை. ஸ்தூவ்னரில் மூன்று அறை வீடும் ஒரு குளியலறையும் உள்ள மச்சாள் நுகர்வோர்.