எஃப் கார்டின் முன் காலம் நிற்றல்: ஓர் ஆய்வு

கிட்டார் பழகுவோரின் குறைகள் பலவற்றுள் ஆய்வுலகம் இதுவரை கண்டுகொள்ளாத ஒன்று உண்டு. சி கார்டில் ராஜநடை போடும் பாட்டு, எஃப் கார்டு வந்ததும் சட்டென்று நின்று, மூச்சு வாங்கி, மறுபடி கிளம்புவதே அது. வீட்டார் கேட்டுக் கேட்டுப் பழகி, பாட்டே அப்படித்தான் போலிருக்கிறது என்று நம்பத் தொடங்கியிருப்பார்கள். இந்நிகழ்வின் காரணத்தையும் வகையையும் தீர்வையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். விரல் வலி, கிட்டாரின் விலை, மாஸ்டரின் பொறுமை ஆகியவை ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டவை.

முதலில் அளவை. காலத்தை அளக்க மனித உடம்பே போதும் என்று கருதியவர் தொல்காப்பியர். கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. கிட்டார் வகுப்பில் குவார்ட்டர் நோட், எய்த் நோட், சிக்ஸ்டீன்த் நோட் என்று பாதி பாதியாக வகுத்துச் சொல்லித்தரும் கணக்கும் இதே கணக்குத்தான். எனவே பிழைகளுக்கும் நம் இலக்கணத்திலேயே பெயர் தேடலாம். நன்றாக வரும் இடத்தில் குஷியில் பீட்டைத் தின்றுவிடுவது குறுக்கம். வராத இடத்தில் இழுப்பது அளபெடை. ஒரே மாணவர் ஒரே பாட்டில் இரண்டையும் செய்வதால், பாட்டு மொத்தத்தில் சரியான நேரத்துக்கு முடிந்துவிடுவதும் உண்டு. அதைக் காட்டி ‘என் டைமிங் சரி’ என்று வாதிடுவோரை இவ்வாய்வு ஏற்பதற்கில்லை.

உடம்பை நம்பாதவர்கள் கருவி செய்தார்கள். 1814-இல் ஆம்ஸ்டர்டாமில் விங்கல் என்பவர் மெதுவான தாளத்தையும் காட்டக்கூடிய சின்ன ஊசல் ஒன்றை உருவாக்கினார். மெல்ட்சல் என்பவர் அதைப் பார்த்து, ஓர் அளவுகோலைச் சேர்த்து, மெட்ரோனோம் என்று பெயரும் வைத்து, 1815-இல் காப்புரிமையை வாங்கிவிட்டார். ஆக, மெட்ரோனோம் வரலாற்றின் முதல் டைமிங் பிழை விங்கலுடையது. இதே மெல்ட்சல்தான் சதுரங்கம் ஆடும் ‘துருக்கியர்’ என்ற இயந்திர பொம்மையை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டியவர். அந்தப் பொம்மைக்குள் ஓர் ஆள் ஒளிந்திருந்து காய் நகர்த்தினார். எனவே ‘மெட்ரோனோம் நடுவுல ஸ்லோ ஆகுது சார்’ என்று மாணவர் முறையிட்டால், அதற்கு வரலாற்று முகாந்திரம் அறவே கிடையாது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கைபேசி மெட்ரோனோமுக்குள் ஆள் ஒளிய இடமில்லை. 80-இல் வைத்தால் 80தான். பீட்டுக்கு முக்கால் நொடி.

இனி நிகழ்விடம். அந்த 80 வேகத்தில் ஒருவர் சியிலிருந்து எஃபுக்குத் தாவுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சி கார்டில் மோதிர விரல் ஐந்தாம் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் இருக்கிறது. எஃப் பார் கார்டிலும் அதே விரல், அதே கம்பி, அதே ஃப்ரெட். நம்மவரோ எல்லா விரலையும் ஒருசேரத் தூக்கிவிடுகிறார், நகரவே வேண்டாத அந்த விரல் உட்பட. ஆள்காட்டி விரல் முதல் ஃப்ரெட்டில் ஆறு கம்பிமேலும் படுக்கிறது. நடுவிரல் மூன்றாம் கம்பியைத் தேடுகிறது. சுண்டுவிரல் அந்தரத்தில். இதெல்லாம் கூடி முடிய ஒரு நொடிக்கு மேலேயே ஆகிறது.

இதுவரை எல்லா மாஸ்டர்களும் அறிந்ததே. யாரும் பார்க்காத பக்கம் ஒன்றிருக்கிறது. இந்த நேரம் முழுக்க வலக்கை என்ன செய்துகொண்டிருந்தது? பிக்கைப் பிடித்தபடி கம்பிக்கு மேலே சும்மா நின்றது. ஓடி வருகிற ஒரே ஒரு பயணிக்காக விசில் கொடுக்காமல் நிற்கும் கண்டக்டரைப் போல, இடக்கை ஏறட்டும் என்று நின்றது. தாமதம் இடக்கையுடையது, ஒப்புக்கொள்கிறோம். பாட்டை நிறுத்தியது வலக்கை. இக்குறைக்கு ‘வலக்கைத் தாட்சண்யம்’ என்று இவ்வாய்வு பெயர் சூட்டுகிறது.

கர்நாடக சங்கீதத்தில் இந்தத் தாட்சண்யம் செல்லாது. தொடையில் தட்டும் கை தொண்டைக்காகக் காத்திருப்பதில்லை. ஆதி தாளத்தில் பாடுகிறவர் எங்கே இடறினாலும் கை லகுவை முடித்து, இரண்டு துருதத்தையும் போட்டு, எட்டு எண்ணி சமத்துக்கு வந்துவிடும். பாட்டுதான் ஓடிப் பிடிக்க வேண்டும். கிட்டார்க்காரருக்குத் தாளம் போடத் தனியாகக் கை ஏது என்று கேட்கலாம். ஸ்ட்ரம் செய்கிற கைதான் அது. அதை வாசிக்கும் கை என்று நினைத்ததில்தான் கோளாறு.

மறுப்புரைகளும் உண்டு. ப்ளூடூத் ஹெட்ஃபோனில் சத்தம் தாமதமாக வருகிறது என்பது ஒன்று. உண்மைதான், ஆனால் க்ளிக் மொத்தமாகத் தள்ளி வந்தாலும் ஒவ்வொன்றுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மாறுவதில்லை, காதில் விழுகிற க்ளிக்கோடுதானே வாசிக்கிறீர்கள்? வழக்கு தள்ளுபடி. மனிதர் இயந்திரமல்ல என்பது அடுத்தது. க்ளிக்கோடு விரல் தட்டச் சொன்னால் பெரும்பாலோர் சில பத்து மில்லிநொடி முந்தியே தட்டுவதை உளவியலார் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கண்டுவருகிறார்கள். பழுத்த இசைக்காரர்களிடம் அது குறைவு. அந்த அளவு இயல்பு, மன்னிக்கலாம். இங்கே விசாரணையில் இருப்பது முழு நொடி. கடைசியாக, ‘நான் ஃபீலோட வாசிக்கிறேன்’. எஃப் கார்டில் மட்டும் வரும் ஃபீலை என்னவென்று சொல்வது!

சிகிச்சை வலக்கையிலிருந்து தொடங்குகிறது. இடக்கை விரல்களைக் கம்பிமேல் லேசாகப் படரவிட்டால் சுரம் எழாது, ‘சக் சக்’ என்ற சத்தம்தான் வரும். மெட்ரோனோமை 60-இல் வைத்து, வாயால் ‘தக தக’ என்று சொல்லிக்கொண்டே, கீழே ‘த’, மேலே ‘க’ என்று கையை ஓட்ட வேண்டும். சலிப்பு தட்டும். 1982-இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ வந்ததிலிருந்து, கிட்டார் வாங்கிய முதல் வாரமே ‘இளைய நிலா’வில் கை வைப்பது தமிழரின் பிறப்புரிமை ஆகிவிட்டதால், இந்தச் சக் சக்கில் உட்காருவோர் அரிது. 60 என்பது கௌரவக் குறைச்சல் என்று நினைப்போருக்கு ஒரு தகவல்: பீத்தோவன் தம் ‘ஹாமர்கிளாவியர்’ சொனாட்டாவுக்கு 138 என்று எழுதிவைத்ததால், அவ்வளவு வேகம் ஆகுமா என்ற தகராறு இன்றும் ஓயவில்லை. நமக்கு எதற்கு அந்த வம்பு?

அப்புறம் கார்டுகள். இங்கே சட்டம் ஒன்றுதான்: கை நிற்கக்கூடாது. நான்காம் பீட்டின் ‘த’ முடிந்ததுமே இடக்கை கிளம்பிவிடலாம். அடுத்த ‘க’ வெறும் கம்பியில் விழட்டும். 80 வேகத்தில் அந்த ‘க’விலிருந்து அடுத்த பீட் வரை 375 மில்லிநொடி இடைவெளி. நன்றாக வாசிப்பவர்களிடமும் உற்றுக் கேட்டால் கார்டு மாறும் இடத்தில் இந்த வெறுங்கம்பிச் சத்தம் கேட்கும். கேட்பவர் யாரும் அதைக் குற்றம் சொன்னதில்லை. இது படிந்தபின் மெட்ரோனோமை 40-க்கு இறக்கி, அந்தக் க்ளிக்கை இரண்டாம், நான்காம் பீட்டாகக் கொண்டு 80-இல் வாசிக்க வேண்டும். முதல் பீட் எங்கே என்று யாரும் சொல்லித்தர மாட்டார்கள். அங்கேதான் சுயரூபம் தெரியும்.

காலால் தட்டுவதைப் பற்றி ஒரு சொல். கால் பொய்ச்சாட்சி. கை நின்றால் காலும் கூடவே நின்று, கை கிளம்பியதும் ஒன்றும் தெரியாததுபோல் தட்டும். காலை நம்பித் தம் தாளம் சுத்தம் என்று சொல்பவர் கைபேசியில் பதிவுசெய்து மறுநாள் கேட்கட்டும்.

எனவே கிட்டார் பழகும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். எஃப் சுத்தமாக வராவிட்டால் போகட்டும், பாதிக் கம்பி ஊமையாகவே இருக்கட்டும், அடித்துவிட்டு அடுத்த கார்டுக்கு நேரத்துக்கு வந்துவிடுங்கள். இடக்கையைத் திட்டுவதை விட்டுவிட்டு, இன்றைக்கு ஒருநாள் வலக்கையைக் கொஞ்சம் கவனியுங்கள்.