ஒன்றுக்குப் பத்து

ஸ்டுட்கார்ட்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். அங்கு நீங்களும் அத்தையும், உங்கள் தலைப்பிள்ளையான மாருதி 800-ம் நலமென்று நம்புகிறேன். "கார் கழுவ ஜெர்மனில ஏதோ தண்ணி இருக்காமே, அடிச்ச உடனே அழுக்கு ஓடிருமாமே, வரும்போது ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வா" என்று போனில் சொன்னீர்கள். போனிலேயே பதில் சொன்னால் பாதியில் "சரி சரி, அத்தைகிட்ட பேசு" என்று கொடுத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். இங்கே ஞாயிற்றுக்கிழமை டிரில் சத்தம், சுத்தியல் சத்தம் எதுவும் கேட்கக் கூடாது. பேனாவுக்கு மட்டும் தடையில்லை.

இந்த ஊர்க்காரர்களின் சுத்தம் சாதாரணச் சுத்தம் இல்லை மாமா. எங்கள் அடுக்குமாடியில் முறை வந்தால் கதவில் ஓர் அட்டை தொங்கும். அந்த வாரம் மாடிப்படியைப் பெருக்கித் துடைக்க வேண்டியது நாம். முடித்து, அட்டையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டும்வரை விமோசனம் கிடையாது. வாரம் தவறாமல் குப்பையை ஊருக்கு வெளியே கொண்டுபோகச் சொல்லி 1492-லேயே இங்கே நகரச் சட்டம் போட்டிருக்கிறார்கள். கொலம்பஸ் கப்பலேறிய வருஷம். அவர் இந்தியாவைத் தேடிக்கொண்டிருந்தபோது இவர்கள் துடைப்பத்தைத் தேடியிருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் வாசலில் காரை நிறுத்தி, லுங்கியை மடித்துக் கட்டி, ஹோஸ் பைப்பைப் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். சோப்புத் தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணில் இறங்கக் கூடாது என்பதால் பல நகரங்களில் அதற்குத் தடை. காசு போட்டு நாமே கழுவிக்கொள்ளும் கொட்டகைகளுக்குப் போக வேண்டும். அங்கே ஓடுகிற அழுக்குத் தண்ணீர், எண்ணெயைத் தனியே பிரிக்கிற தொட்டி வழியாகத்தான் சாக்கடைக்குப் போகும். பக்கத்து வினென்டன் ஊர் கார்ச்சர் கம்பெனி 1950-லேயே சுடுதண்ணீரைப் பீய்ச்சும் பிரஷர் வாஷர் செய்தது. அதனால் தண்ணீர் வேகத்துக்குக் குறைவில்லை. குறை என்னவென்றால், பல கொட்டகைகளில் "சொந்த வாளி கொண்டுவரக் கூடாது, சொந்த மருந்து அடிக்கக் கூடாது" என்று போர்டு இருக்கும். வாளியை அனுமதிக்கிற கொட்டகை எது என்று இங்கே ஆட்கள் ரகசியமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். நம்மூரில் நல்ல ஜோசியர் விலாசம் கைமாறுவதுபோல.

இனி உங்கள் 'தண்ணி'க்கு வருகிறேன். அதன் பெயர் ஆல் பர்ப்பஸ் கிளீனர். தொழில்காரர்கள் ஏ.பி.சி. என்பார்கள். பெரும்பாலும் காரத்தன்மை உள்ள திரவம். காரம் எண்ணெய்ப் பசையை உடைக்கும், அதிலுள்ள சோப்புச் சரக்கு உடைந்த அழுக்கைத் தூக்கித் தண்ணீரில் மிதக்கவிடும். வீரியமான சரக்கு என்றால் பி.எச். அளவு 12-ஐத் தாண்டும். வெறும் தண்ணீருக்கு 7. ரிட்டயர்டு கணக்கு வாத்தியாருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை: ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு. ஆக 7-க்கும் 12-க்கும் நடுவே ஒரு லட்சம் மடங்கு.

அதனால் இதை அப்படியே ஊற்றக் கூடாது, கலந்துதான் அடிக்க வேண்டும். நம்மவர்களுக்கு வருகிற கஷ்டம் இந்த இடத்தில்தான். காசு கொடுத்து வாங்கிய பொருளில் தண்ணீர் கலக்க நமக்குக் கை வராது. பால்காரர் மட்டும் விதிவிலக்கு.

கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். டயருக்கும் சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவுக்கும் ஒன்றுக்கு நாலு. அரை லிட்டர் பாட்டிலில் 100 மில்லி மருந்து, 400 மில்லி தண்ணீர். உள்ளே பிளாஸ்டிக், கதவிடுக்கு, கால்மிதி, துணி சீட் இவற்றுக்கு ஒன்றுக்குப் பத்து. மொத்தம் பதினொரு பங்கு என்பதால் அரை லிட்டருக்கு 45 மில்லி போதும். பம்பரில் ஒட்டிய பூச்சிக்கு ஒன்றுக்கு இருபது, அதாவது 24 மில்லி. கம்பெனிக்குக் கம்பெனி மாறும், லேபிளில் போட்டிருப்பதே சட்டம். முதலில் தண்ணீர், பிறகு மருந்து. மாற்றி ஊற்றினால் பாட்டில் முழுக்க நுரைதான் நிற்கும். இன்னொன்று: பத்து மடங்கு தண்ணீர் விட்டாலும் பி.எச். சுமார் ஒரு படிதான் இறங்கும். கலந்த பிறகும் கையுறை வேண்டும், கண்ணாடி போட்டிருப்பது நல்லது. நீங்கள் எப்போதும் போட்டிருப்பதால் அது லாபம்.

டயரில் அடித்துப் பிரஷ் போட்டால் முதலில் வருகிற நுரை டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும். கழுவிவிட்டு மறுபடி அடித்தால் வெளுத்த பழுப்பு. நுரை வெள்ளையாக வரும்வரை விடக் கூடாது. அதைப் பார்க்கும்போது வருகிற திருப்தி இருக்கிறதே, என் மாதச் சம்பளச் சீட்டுகூட அதைத் தந்ததில்லை.

ஆனால் பெயிண்ட்டில் இஷ்டத்துக்கு அடிக்காதீர்கள். மேலே பூசிய வாக்ஸை அது உருவிக்கொண்டு போய்விடும். பூச்சி இருக்கிற இடத்தில் மட்டும் அடித்து, ஒன்றிரண்டு நிமிடம் ஊறவிட்டு, காய்வதற்குள் கழுவிவிடுங்கள். வெயிலில் வேண்டாம், ஓடி வந்து சூடாக இருக்கிற சக்கரத்திலும் வேண்டாம். காய்ந்தால் கறை உட்கார்ந்துவிடும். மற்றபடி உடம்புக்குச் சாதாரண கார் ஷாம்பு போதும், இரண்டு வாளியோடு. ஒன்று ஷாம்புக்கு, மற்றது துணியை அலசி மண்ணை உதறுவதற்கு. டாஷ்போர்டில் நேராக அடிக்காமல் துணியில் அடித்துத் துடையுங்கள், பிறகு ஈரத்துணியால் இன்னொரு தடவை. தோல் சீட்டுக்கும் ஸ்கிரீனுக்கும் இது ஆகாது. நல்லவேளை, உங்கள் 800-ல் இரண்டுமே இல்லை.

எங்கள் ஆபீசில் திருச்சிக்காரர் ஒருவர் இருக்கிறார். "வீரியம் குறையக் கூடாது சார்" என்று மருந்தை அப்படியே கார் முழுக்கத் தெளித்து, வெயிலில் நிறுத்திவிட்டு, காபி குடிக்கப் போனார். கார் பளபளவென்றுதான் இருந்தது. ஜன்னலைச் சுற்றியிருக்கிற அலுமினியப் பட்டை மட்டும் பால் கொட்டிக் காய்ந்ததுபோல வெள்ளை வெள்ளையாகத் திட்டுத் திட்டாகிவிட்டது. அந்தப் பட்டையின் மேலிருக்கும் மெல்லிய காப்புப் படலத்தைக் காரம் தின்றுவிடும். பிறகு தேய்த்தாலும் எளிதில் போகாது. பட்டையை மாற்ற எவ்வளவு ஆனது என்று கேட்டேன். மனிதர் பேச்சை வானிலைக்கு மாற்றிவிட்டார். ஜெர்மனிக்கு வந்து அவர் நன்றாகக் கற்றுக்கொண்டது அது.

ஆக, வேலை செய்வது மருந்து என்றாலும் காரைக் காப்பாற்றுவது தண்ணீர்தான் மாமா. மருந்து நம்மூரிலேயே கார் சாமான் கடைகளில் கிடைக்கிறது. இங்கிருந்து கொண்டுவர வழியும் இல்லை. வீரியமான பாட்டிலின் முதுகில், சொட்டு விழுந்து கையும் இரும்பும் அரிபடுகிற படம் போட்டிருக்கும். அந்தப் படம் போட்ட சாமானை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். எனவே நான் கொண்டுவரப்போவது, பக்கவாட்டில் அளவுக்கோடு போட்ட காலி ஸ்ப்ரே பாட்டில் இரண்டு. ஜெர்மனியிலிருந்து மருமகன் காலி பாட்டில் கொண்டுவந்தான் என்று தெருவில் சொல்லத்தான் செய்வார்கள். சொல்லட்டும்.

இப்படிக்கு,
அன்பு மருமகன்

பி.கு.: இதை அத்தைக்கும் வாசித்துக் காட்டவும். அடுப்புத் திண்டின் பிசுக்குக்கு ஒன்றுக்குப் பத்து அடித்து, நல்ல தண்ணீரில் துடைத்துவிடலாம். அலுமினிய இட்லிக் கொப்பரை பக்கம் மட்டும் கொண்டுபோக வேண்டாம். திருச்சிக்காரருக்கு நடந்ததுதான் அதற்கும் நடக்கும். அப்போது அத்தையிடம் வானிலையைப் பற்றிப் பேசித் தப்பிக்க உங்களால் முடியாது.