இலவசம், இறங்கினால் பில்

அமெரிக்காவில் லாரி ஓட்டக் கற்கக் கைக்காசு வேண்டாம். பெரிய கம்பெனிகள் பலவும் தாங்களே கற்றுத்தருகின்றன. என்ன தாராள மனசு! பதிலுக்கு ஒரு கையெழுத்து: ஏறக்குறைய ஒரு வருடம் எங்களுக்கே ஓட்டு. நடுவில் விலகினால் இலவசம் அப்படியே ஆயிரக்கணக்கான டாலர் கடனாகிவிடும். லைசென்ஸ் கைக்கு வந்த சில வாரங்களில், பயிற்சியாளர் பின்படுக்கையில் குறட்டை விட, கற்றுக்குட்டி நெடுஞ்சாலையில் ஓட்டுவதும் உண்டு. சீடன்மேல் அவ்வளவு நம்பிக்கை! ஆஸ்பத்திரிகளும் இந்த ஒப்பந்த முறையைப் பின்பற்றலாம்: பிரசவம் இலவசம், பிள்ளை ஒரு வருடம் அங்கேயே கணக்கெழுதட்டும்.

இத்தனை பரிவுக்குப் பிறகும், பெரிய கம்பெனிகளில் டிரைவர்கள் விலகும் விகிதம் சில ஆண்டுகளில் 90 சதவீதத்தைத் தாண்டியது. நன்றி கெட்டவர்கள்! சேரப் போகிறவர்கள் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள்.