சாவி போட்டா மட்டும் போதுமா, பேராண்டி?

வா பேராண்டி, குந்து. கழுத்துல கேமரா ஏறுனதும் நடையே தொரை நடையாயிருச்சு ஒனக்கு.

1985ல கொத்மலை அணையத் தெறந்தாங்க. அதுல முங்குனது கடதொர விகாரை. வெயிலு காஞ்சு தண்ணி வத்துனாத்தான் தலையக் காட்டும். இந்தத் தடவை காட்டுனதும் சேத்துல எறங்கிப் படம் புடிச்ச. அழியக்கூடாதுன்னு ஒவ்வொண்ணுக்கும் சாவிக்குறி போட்ட. புத்திசாலி! மக்காநாளு கல்யாண வீட்டுக்குக் கெளம்புற அவசரத்துல, மெமரி அட்டையில எடமில்லன்னு ஃபார்மட்டை அமுக்குனியே, அதுதான் மகா புத்திசாலித்தனம்.

அந்தச் சாவி, "இதைத் தொடாதே"ன்னு படத்து மேல எழுதுற ஒத்த வரி, அம்புட்டுத்தான். "எல்லாத்தையும் அழி"ன்னு சொன்னா கேமரா அந்த வரியப் பாத்து ஒதுங்கிப் போகும். ஃபார்மட்டு அதைப் பாக்கவே பாக்காது. மொத்தமும் போயிரும், சரியான்னு திரையில கேட்டுச்சுல்ல? ஓகே அமுக்கவே பொறந்த கட்டை விரலு ஒனக்கு, எங்க படிக்கப் போற!

சரி, மொகத்தத் தொங்கப் போடாத. ஃபார்மட்டுங்கறது தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஆளுங்க பேரு எழுதுற செக்ரோலைக் கிழிச்சாப்புல. பேருதான் போச்சு, ஆளு இன்னும் மலையிலேதான் நிக்குது. அந்த நெரையில புது ஆளை எறக்குனாத்தான் பழசுக்கு எடம் போகும். சாதாரண ஃபார்மட்டு பட்டியலைத் தொடைக்கும், படம் அட்டையிலேயே கெடக்கும். "லோ லெவல்"னு ஒரு கட்டம் இருக்கு பாரு, அதுல டிக் போட்டிருந்தியன்னா முனியாண்டி சாமிக்கு நேந்துக்கிட்டாலும் வராது.

கல்யாணத்துல எத்தனை படம் எடுத்த? தாலி கட்டுனது நாலு, பந்தியில கோழிக்கறி நாப்பதா? ஒவ்வொரு கோழிக்கும் விகாரையில ஒரு செவரு இடிஞ்சுச்சுன்னு வச்சுக்க. இனிமே அந்த அட்டையில ஒண்ணுகூட எடுக்காத. ஹட்டன்லயோ நுவரெலியாவுலயோ கம்ப்யூட்டர் தெரிஞ்ச பயகிட்ட குடு. படத்தை மீட்கிற மென்பொருளு வச்சிருப்பான். மிச்சம் மீதி தேறும்.

எஸ்டி அட்டையோட எடப்பக்கம் பொடிசா ஒரு தள்ளு பித்தான் இருக்கே, பாத்திருக்கியா? அதைக் கீழ தள்ளிட்டா கேமரா எழுதாது, அழிக்காது, ஃபார்மட்டும் போடாது. விகாரைய எடுத்த அன்னிக்கே அதைத் தள்ளிப் பெட்டியில வச்சுட்டு, கல்யாணத்துக்கு வேற அட்டை கொண்டு போறதுக்கென்ன? மைக்ரோ எஸ்டியில இந்தப் பித்தானும் கெடையாது, தெரிஞ்சுக்க. இன்னொரு அட்டை வாங்கக் காசில்லைங்கற. தலைக்குச் செம்பட்டைச் சாயம் அடிக்க மட்டும் காசு எங்கிருந்து வந்துச்சாம்?

கம்ப்யூட்டர்ல ஒரு பிரதி, வேற ஹார்ட் டிஸ்க்குல ஒரு பிரதி. ரெண்டுலயும் படம் தெறக்குதான்னு கண்ணால பாத்த பெறகுதான் ஃபார்மட்டு. இப்ப அந்த அட்டையக் கழட்டி என் கையில குடு. சாயங்காலம் இன்னொரு கல்யாணம் இருக்குன்னு ஒங்கம்மா சொன்னா.