தேரைக்குப் படியளப்பு

முட்டையிடுவதோடு மரத்தேரையின் கடமை முடிந்தது. பிள்ளை வளர்ப்பு வீட்டுக்காரர் பாடு. மழை தொடங்கிய வாரத்தில் எங்கள் பின்கட்டுத் தொட்டிக்கு நேர் மேலே, சுவரில் ஒரு வெள்ளை நுரைக்கட்டி. பெண் தேரை பின்னங்கால்களால் அடித்து அடித்துக் கிளப்பும் நுரை அது. மீட்டர் காபிக்காரர் தோற்றுப்போவார். மேலே பொருக்குத் தட்டிவிடும், உள்ளே முட்டைகள் ஈரம் காயாமல் இருக்கும். சில நாளில் தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாக வழுக்கித் தொட்டிக்குள் விழுந்தன.

விழுந்ததும் வீடே பந்திக்குத் தயாரானது. மாமியார் கையில் இட்லி, பையன் கையில் பிஸ்கட். "பிறந்த ஓரிரு நாள் ஒண்ணும் தின்னாது அத்தை. வயித்துல மஞ்சக்கரு மிச்சம் இருக்கும். அதுவரைக்கும் சுவத்துல ஒட்டிக்கிட்டுச் சும்மா கிடக்கும்" என்றேன்.

"பச்சைப் பிள்ளையைப் பட்டினி போடாதே."

"இட்லி ஊறி நாறினா தண்ணி கெட்டு எல்லாம் செத்துரும்."

"நேத்து அரைச்ச மாவு, எப்படி நாறும்?"

கணவருக்கு வேறு கட்சி. "கல்லுக்குள்ள இருக்கிற தேரைக்கே கடவுள் படியளக்கிறான், நீ ஏன் கேன்டீன் நடத்துறே?" பாசி பிடித்த தொட்டியாக இருந்தால் அவர் சொல்வது பாதி உண்மைதான், தலைப்பிரட்டை பாசியைச் சுரண்டித் தின்றே வளரும். தொட்டியைத் தேய்க்காமல் விட்டதற்கு எனக்கு முதன்முறையாக ஒரு விஞ்ஞானக் காரணம் கிடைத்தது. பிறகு வெந்த சிறுகீரை, அதுவும் ஓரிரு இலை. உப்பில்லாத கீரை என்றதும் மாமியார் முகம் சுண்டிவிட்டது. கீரை தின்ற நாளில் வயிற்றுத் தோல் வழியே சுருள்சுருளான குடல் பச்சையாகத் தெரியும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் குளோரின் கொன்றுவிடும். பக்கெட்டில் ஒரு நாள் திறந்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும்.

டெங்கு தடுப்புக்கு வந்த பெண்மணி டார்ச் அடித்துப் பார்த்தார். "புழு நெளியுதேம்மா!"

"தலைப்பிரட்டைங்க."

"வளர்க்கிறீங்களா?" அவர் நோட்டில் அதற்குக் கட்டமில்லை. வெகுநேரம் என்னையே பார்த்துவிட்டு, 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதிக்கொண்டார்.

பின்னங்கால் முளைப்பதற்குள் மாமியாருக்குப் பொறுமை போய்விட்டது. சமாதானமாக ஒரு கதை சொன்னேன். குடர்நாட்ச் என்ற விஞ்ஞானி குதிரையின் தைராய்டு சுரப்பியைத் தலைப்பிரட்டைகளுக்குத் தின்னக் கொடுத்து, அவை வளராமலே பொடித் தவளைகளாக மாறியதை 1912-ல் எழுதினார். தைராய்டுதான் வாலைக் கரைத்துக் கால் முளைக்க வைப்பது.

"ஓ" என்றார் மாமியார், யோசனையாக.

அவர் தினமும் வெறும் வயிற்றில் போடுவது தைராய்டு மாத்திரை. டப்பா இப்போது என் பீரோவில் இருக்கிறது. காலையில் ஒன்றை எடுத்துக் கொடுத்து, அவர் விழுங்கும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.